அவள் படிப்புக்கு நான் பார்த்த சாம்பிள்

அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. கணக்கு படிக்கணும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். சேருவதற்கு முன்பே பாடங்களை இணையத்தில் இலவசமாகப் படித்துப் பார்க்கலாமாம். பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான நான், "இரு, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று பெரிய மனுஷன்போலக் கிளம்பினேன்.

ரெட்டியார்பாளையம் பிரவுசிங் சென்டரில் முதல் பாடம் இறங்குவதற்குள் இரண்டு தடவை கரண்ட் போனது. ஒருவழியாகப் பிரிண்ட் எடுத்துப் படித்தால் ஒரு எழவும் புரியவில்லை. எரிச்சலோடு வீட்டுக்கு வந்து தாள்களை மேசைமேல் போட்டேன்.

"இதெல்லாம் உனக்குச் சரிப்பட்டு வராது. விட்டுடு."

அவள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, தாள்களை எடுத்து நின்றபடியே படித்தாள். ஏழாம் பக்கத்தில் என் சட்டைப்பைப் பேனாவை உருவி ஒரு வரியைத் திருத்தினாள்.

"இங்க மைனஸ் வரணும். தப்பாப் போட்டிருக்காங்க. உங்களுக்குப் புரியலியா?"

"இல்ல."

"அப்புறம் எனக்கு ஏன் வராதுன்னீங்க?"

எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவளே விண்ணப்பம் போட்டாள். கல்யாணமானதிலிருந்து இப்படி எத்தனை விஷயங்களை அவளுக்காக நானே பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்? அதை அவளிடம் கேட்க எனக்கு இன்னமும் தைரியம் வரவில்லை.