சூசை பெயரில் உள்ளே இருந்தவன்

பேய், பிசாசு, ஆவி எதையும் நான் நம்பியவன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் பாதியில் என் முகத்தைப் பார்க்கிற பார்வை எனக்குப் பழக்கம். நம்பாததற்குக் காரணமும் உண்டு. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது நான் அங்கே மரம் அறுக்கிற மில்லில் இருந்தேன், அங்கிருந்து மணிப்பூர் வரை நடந்தே வந்தவன், வழியில் செத்துக் கிடந்தவர்களை எண்ணுவதை மூன்றாம் நாளோடு விட்டுவிட்டோம். கூட வந்த கோவிந்தன் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவனுடைய தகரக் குவளையை எடுத்துக்கொண்டு நான் நடந்தேன், எனக்குத் தாகம். ஆவி என்று ஒன்று இருந்தால் அவன்தான் முதலில் என்னிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதனால் அந்த விஷயத்தை அதோடு முடித்துவிட்டேன்.

பெங்களூருக்கு வந்து சேர்ந்து, ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவில் ஓர் அறை பிடித்து, ஊருக்கு வெளியே விமானம் ரிப்பேர் செய்கிற தொழிற்சாலையில் நுழைந்தேன். மூன்றாம் வகுப்பு படித்தவனுக்கு அது பெரிய வேலை. அங்கே எனக்கு ரிவிட் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது ஒற்றை ஆள் செய்கிற வேலை இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓட்டை போட்டு, ஆணி மாதிரி ஒரு ரிவிட்டை நுழைத்து, வெளியே இருப்பவன் காற்றில் ஓடும் சுத்தியலால் அதன் தலையில் அடிப்பான். அதே நேரம் உள்ளே இருப்பவன் ஓர் இரும்புக் கட்டையை ரிவிட்டின் மறுமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அந்த முனை நசுங்கிப் பொத்தான் மாதிரி ஆகி இறுகிக்கொள்ளும். பிடிக்க ஆள் இல்லாமல் அடித்தால் ரிவிட் துள்ளும், தகடு சொட்டையாகும், வேலை பாழ். வெளியே இருப்பவனும் உள்ளே இருப்பவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் உள்ளே இருப்பவன் கட்டையால் தட்டிச் சொல்வான். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கிவிட்டு வேறு போடு.

எனக்கு உள்ளாள் சூசையண்ணன். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் வீடு, ஐந்து பெண்கள், ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை. குள்ளமான ஆள், விமானத்தின் வாலுக்குள் அவரைப் போலப் புகுந்து வேலை செய்ய அந்தத் தொழிற்சாலையில் வேறு ஆள் கிடையாது. ஆனால் நாலு வருஷம் அந்தத் தகர வயிற்றுக்குள் கிடந்ததில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. இது எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்ததும் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் பர்மா முனையிலிருந்து ஒரு சண்டை விமானம் வந்தது. பறக்க வைக்க அல்ல. மைதானத்தில் பொருட்காட்சிக்கு வைக்க, பிறகு மியூசியத்தில் நிறுத்த. பின்னால் துப்பாக்கிக்காரன் உட்காருகிற இடம் முழுக்க ஓட்டை, இருக்கையின் தோலில் கறுப்பாக ஒரு கறை. துரை வந்து பார்த்துவிட்டு, இடது பக்கத்து ஓட்டைகளை அப்படியே விடுங்கள், ஜனங்கள் பார்க்கட்டும், வலது பக்கத்தைப் புதுசு மாதிரி ஆக்குங்கள், நம் வேலையையும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வலது பக்கம் எனக்கும் சூசையண்ணனுக்கும் வந்தது. மேஸ்திரி ஹனுமந்தப்பா கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "இத நல்லா முடிச்சா லிஸ்ட்ல உங்க பேரு இருக்கும், இல்லாங்காட்டி சும்னே வீட்டுக்குப் போலாம்" என்றார். சூசையண்ணன் அவர் வாயையே பார்த்துத் தலையாட்டினார். அன்று சாயங்காலம் என்னிடம், "முனுசாமி, உனக்கென்ன, பையத் தூக்கினா ஊரு. எனக்கு அஞ்சு இருக்குது" என்றார், காது கேட்காதவர் பேசுகிற மாதிரி ரொம்பச் சத்தமாக.

நடந்தது ராத்திரியில் இல்லை. பட்டப்பகல், வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுச் சங்கு ஊதி எல்லாரும் போய்விட்ட நேரம். மூன்று மணிக்கு லாரி வந்துவிடும், எங்களுக்கு இன்னும் ஒரு தகடு பாக்கி. நான் சாப்பிடப் போகவில்லை. வாலுக்குள் புகுகிற துவாரத்துக்குக் கீழே சூசையண்ணனின் செருப்பு இருந்தது. உள்ளே போகிறவன் செருப்பைக் கழற்றி அங்கே விடுவதுதான் எங்கள் வழக்கம், செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். கூப்பிட்டுப் பார்க்கவும் முடியாது, கூப்பிட்டால் கேட்கிற ஆளா. நான் ரிவிட்டை வைத்து அடித்தேன். உள்ளிருந்து இரண்டு தட்டு. அடுத்தது. இரண்டு தட்டு. அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒன்றுக்கு மூன்று தட்டு வந்தது, அது என் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் பிடுங்கிவிட்டு வேறு போட்டேன். இன்றைக்கு அண்ணன் ரொம்பக் கறாராக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன், வேறொன்றும் தோன்றவில்லை.

கடைசி ஏழெட்டு ரிவிட் இருக்கும்போது மேஸ்திரி வந்தார். ஒரு கையில் சூசையண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் சூசையண்ணன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிய பிறகு, உள்ளே புகுவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்க வெறுங்காலோடு போனவர், தலை சுற்றுகிறதே என்று படுத்தவர், அப்படியே தூங்கிவிட்டார். முதல் நாள் இரண்டு ஷிப்ட் பார்த்தவர், பாவம். இருபது அடி தள்ளி நான் அந்தச் சுத்தியலை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், செத்தவன் எழுந்து உட்காருவான், அவர் அசையவில்லை.

"இவ்ளோ சத்தத்துல எப்படிடா தூங்கினே? காது கேக்காதா உனக்கு?" என்று மேஸ்திரி பின்னாலிருந்து கேட்டார். முகத்தைப் பார்க்காததால் சூசையண்ணன் பதில் சொல்லவில்லை. அதிலேயே மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முன்னால் வந்து நின்று, "எத்தினி நாளா?" என்றார். சூசையண்ணன் தரையைப் பார்த்தார். "செவிட்டு ஆள வெச்சுக்க நான் என்ன மடமா நடத்துறேன்? லிஸ்ட்ல பேர எடுத்துர்றேன், போ" என்றார் மேஸ்திரி. சூசையண்ணன் குனிந்து செருப்பைப் போட்டுக்கொள்ளப் போனார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் மேஸ்திரியைப் பார்த்து, "அப்ப இவ்ளோ நேரம் எனக்குப் புடிச்சது யாரு?" என்றேன்.

மேஸ்திரி நான் அடித்த வரிசையைப் பார்த்தார். ஒரு சொட்டை இல்லை. டார்ச்சை எடுத்துத் துவாரத்துக்குள் தலையை விட்டார். "ஒளகே யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார், உள்ளே யார் என்று. "யாரும் இல்லியே" என்று அவரே சொல்லிக்கொண்டார். ரிவிட் எல்லாம் உள்ளே பொத்தான் பொத்தானாக நசுங்கி, கச்சிதமாக இருக்கிறது என்றார். தலையை வெளியே எடுக்காமலே, "ஒண்ணு அடி" என்றார்.

நம்பினால் நம்புங்கள், நான் அடித்தேன். தகடு துள்ளவில்லை. அந்தப் பக்கம் ஒரு பிடி இருந்தது, கை வேலை செய்கிறவனுக்கு அது தெரியும், ஆள் பிடிக்கிற பிடி. நிறுத்தினேன். இரண்டு தட்டு வந்தது.

மேஸ்திரி மெதுவாகத் தலையை வெளியே எடுத்தார். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை அவருக்கு. வெளிச்சத்துக்கு நேராக, பிடிக்க ஒன்றுமே இல்லாமல், அந்த முனை தானாக நசுங்கியதைப் பார்த்திருக்கிறார். அதை அவர் என்னிடம் சொன்னது ஒரு மாதம் கழித்து. அன்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் முடி" என்று மட்டும் சொன்னார். முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

"கேளுங்க ரெண்டு பேரும்" என்றார் பிறகு, சூசையண்ணனுக்குப் புரியும்படி வாயை நன்றாகத் திறந்து. "சூசை இன்னிக்கு ஒளகேதான் இருந்தான். ஆயிதா, புரிஞ்சுதா? அவன் இல்லேன்னு நான் எழுதினா, யாரு இருந்தான்னு மேலே கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?" அப்படித்தான் சூசையண்ணனின் பெயர் லிஸ்டில் தங்கியது. சூசையண்ணன் அவர் கையைப் பிடிக்கப் போனார், மேஸ்திரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

லாரி வந்து ஹாரன் அடித்தது. வால் துவாரத்து மூடியை வைத்துத் திருகாணி போட ஆரம்பித்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், முன்னாலேயே சொல்லியிருக்கலாம், விட்டுவிட்டேன். வாலுக்குள் போனவன் தானாகத் திரும்பி வர முடியாது, அவ்வளவு குறுகல். வேலை முடிந்ததும் இரும்புக் கட்டையால் தகட்டில் நீளமாக ஒரு கோடு இழுப்பான், கர்ரென்று கேட்கும். முடிந்தது, காலைப் பிடித்து இழு என்று அர்த்தம்.

பாதித் திருகாணி போட்டிருப்பேன். அந்தச் சத்தம் வந்தது.

எனக்குக் கேட்டது, மேஸ்திரிக்கும் கேட்டது. சூசையண்ணனுக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனால் மூடியைப் பிடித்துக்கொள்ள உள்ளங்கையை வைத்திருந்தார், அதிர்வு கையில் தெரிந்திருக்கும். "முனுசாமி, உள்ள இருக்கிறவன் வெளிய எடுக்கச் சொல்றான்" என்றார், சாதாரணமாக, இன்னொரு கூலியாளைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான், துரையின் ஆள் வேறு வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். "போடு" என்றார் மேஸ்திரி. நான் போட்டேன். மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. மிச்சத் திருகாணிகளைப் போடுகிற வரைக்கும் அந்தக் கோடு விடாமல் இழுபட்டுக்கொண்டே இருந்தது, கோபமாக இல்லை, வேலை முடித்த களைப்பில் இழுக்கிற மாதிரி. லாரியில் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, அனுப்பிவிட்டோம்.

பொருட்காட்சியில் ஜனம் அலைமோதியது என்றார்கள். நான் போகவில்லை. சூசையண்ணன் போனார், விமானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்களாம், கிட்டே விடவில்லையாம். திரும்பி வந்தவர் சோறு இறங்கவில்லை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அவனுக்கு ஆத்தும பூசை குடுக்கணும், நீயும் வா என்றார், செத்தவர்களுக்காக மாதா கோயிலில் வைக்கிற பூசை அது. நான் விபூதி பூசுகிறவன், ஆனாலும் போனேன்.

கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் நோட்டைத் திறந்து, யார் பேருக்கு என்றார். "பேரு தெரியாது" என்றார் சூசையண்ணன். "பேரு இல்லாம எப்படிப்பா வாசிக்கிறது? வேதக்காரனா, இந்துவா, வெள்ளைக்காரனா?" அதுவும் தெரியாது. அந்தத் துப்பாக்கிக்காரனாகவும் இருக்கலாம், எந்த நாட்டிலோ அந்த விமானத்தை முதன்முதலாகச் செய்தபோது உள்ளே கிடந்து ரிவிட் பிடித்தவனாகவும் இருக்கலாம், யார் கண்டது. சூசையண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சூசைன்னே எழுதுங்க. அன்னிக்கு அவன் என் பேர்லதான் வேலை பார்த்தான்" என்றார்.

அவர் சம்சாரம் பிலோமினாக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கிறவன் பேருக்கு ஆத்தும பூசையா? ஊரே சிரிக்கும்யா." அவர் அவள் வாயைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார், அதுதான் அவர் சண்டை போடுகிற விதம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் கடைசி பெஞ்சில் இருந்தோம், பெஞ்சின் நடுவில் சூசையண்ணன், அவருக்கு ஒரு கை தள்ளி நான். உபதேசியார் மரித்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டே வந்தார். அண்ணன் தலை குனிந்து ஜெபத்தில் இருந்தார், கோயில் மணியை அவர் காதுக்குப் பக்கத்தில் அடித்தாலும் கேட்காது. "சூசை" என்று வாசித்தார்.

அந்த நொடியில் சூசையண்ணன் தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, கூட்டமான பூசைக்குப் பிந்தி வருகிற ஒருவருக்குச் செய்கிற மாதிரி, பெஞ்சில் என்னை விட்டுக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.

அப்புறம் சூசையண்ணன் ஓய்வு பெறுகிற வரை அந்த வேலையில் இருந்தார், ஐந்து பெண்களையும் கரையேற்றினார். நான் வழக்கம்போல வேறு ஊர், வேறு வேலை என்று போய்விட்டேன். அவர் நகர்ந்ததற்கு ஏதாவது காரணம் சொல்லிவிடலாம், வயசு, பக்தி, களைப்பு, நீங்களே சொல்லுங்கள். எனக்கு இன்றைக்கும் விளங்காதது அது இல்லை. அவர் நகர்ந்த அதே நேரத்தில், ஒன்றையும் நம்பாத நானும் இந்தப் பக்கம் நகர்ந்தேன். யாரோ என் தோளில் லேசாக இடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.