கழுத்துப் பட்டைக்குள் ஒரு பேர்

கல்லூரியில் எல்லாருக்கும் அவள் கௌன் அக்கா. பட்டமளிப்பு விழாவுக்கு வேண்டிய கறுப்பு அங்கி அத்தனையும் பதினாறு வருஷமாக அவள் தைத்ததுதான். விழா முடிந்ததும் திரும்ப வாங்கி, துவைத்து, தேய்த்து அடுக்கி வைப்பாள். எந்த அங்கியிலும் பேர் இருக்காது. கழுத்துப் பட்டைக்குள் வெறும் நம்பர்தான்.

இந்த வருஷம் பட்டம் வாங்குவது சொந்த மகளாயிற்றே, பெற்ற மனசு கேட்குமா? அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனவள் அவள். மகளுக்கென்று புதுத்துணி எடுத்து அங்கி தைத்தாள். அதோடு விட்டாளா? கழுத்துக்குள் சிவப்பு நூலில் மகளின் முழுப்பேரையும் தைத்துவிட்டாள். ஆசைதான், வேறென்ன!

விழாவுக்கு வந்தவர், நாட்டில் தேர்தலே வேண்டாமென்று நிறுத்திவைத்த மந்திரி. அவர் மைக்கைப் பிடித்ததும் மாணவர்கள் மொத்தமாக எழுந்து முதுகைக் காட்டி நின்றார்கள். அடுத்த நிமிஷம் போலீஸ் தடியோடு உள்ளே புகுந்தது. தெருவில் அடையாளம் தெரியக்கூடாதென்று பிள்ளைகள் அங்கியைக் கழற்றி வீசிவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால், அங்கிகளை வைக்கும் அறையில் நின்றிருந்தவளிடம் மகள் மூச்சிரைக்க வந்து விழுந்தாள்.

"தப்பிச்சிட்டேம்மா!"

"கௌன் எங்கடி?"

"அங்கேயே போட்டுட்டேன்."

"ஐயோ, அதுல உன் பேரு இருக்குடி!"

"பேரா? எதுக்கும்மா தைச்சே?"

நம் கையாலேயே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள். மகளைப் பின்வழியாகச் சித்தி வீட்டுக்கு விரட்டிவிட்டு மண்டபத்துக்கு நடந்தாள்.

போலீஸ் பொறுக்கிப் போட்ட அங்கிகள் மேடையில் குவிந்து கிடந்தன. ஓர் அதிகாரி அப்போதுதான் குனிந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"ஐயா, எல்லாம் வாடகைத் துணிங்க. நான்தான் எடுத்துத் துவைக்கணும்."

"பேரு கீரு இருக்கா?"

"நம்பர்தாங்க." ஒன்றைப் புரட்டிக் காட்டினாள்.

"சரி, என் முன்னாடியே மடி. பாக்கெட்டைக் காட்டிட்டுக் கட்டு."

ஒவ்வொன்றாக மடித்தாள். ஏழெட்டு போனதும் விரலில் புதுத்துணி பட்டது. இதுதான். பட்டைக்குள் சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. உள்ளங்கையால் மூடினாள்.

"கை ஏம்மா இப்படி நடுங்குது? உன் பிள்ளை யாராவது இங்க படிக்குதா?"

நேற்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவளைக்கூட விடாமல், 'என் பொண்ணு நாளைக்குப் பட்டம் வாங்கறா' என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தவள்.

"எனக்குப் பிள்ளையே இல்லீங்க ஐயா," என்றாள்.

அதிகாரி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கவிழ்ந்த நாற்காலிகள், ஒற்றைச் செருப்புகள்.

"கொடுத்துவெச்சவம்மா நீ," என்றார்.

"ஆமாங்க," என்று சொல்லி, அந்த அங்கியையும் மூட்டைக்குள் வைத்தாள்.