குண்டு உருண்டையாகும் வரை

அமிர்தவல்லி அக்காவின் இஸ்திரி வண்டி நிற்பது பெத்தாங் மைதானத்துச் சுவரோரம். இரும்புக் குண்டை வீசி, மண்ணில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்கு யார் கிட்டத்தில் நிறுத்துகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான் பெத்தாங். பிரெஞ்சுக்காரன் கப்பலேறியபோது எடுத்துப்போக மறந்த ஆட்டம்.

வண்டிப் பக்கம் உருண்டு வரும் குண்டுகளைத் திருப்பி எறிந்து எறிந்தே அக்காவுக்குக் கை பழகிவிட்டது. ஒருநாள் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தபோது உள்ளே போனாள். மறுநாளும் போனாள். வீட்டுக்காரர் முகம் சுளித்ததற்கு, துணி கருகினால் மட்டும் கேளு என்று சொல்லிவிட்டாள். இதுவரை ஒரு துணியும் கருகவில்லை.

காரைக்கால் போட்டிக்கு மூன்று பேர் கொண்ட அணி. இரண்டு பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஓரிடத்துக்கு அக்காவும் புருஷோத்தமன் சாரும் மோதினார்கள். சார் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்; தலையில் நல்ல பளபளப்பு. அந்த வழுக்கையை மேலிருந்து வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்புவது என் திட்டம். மைதானத்துப் பாதாம் மரத்தில் ஏறி, கிளையில் குப்புறப் படுத்திருந்தேன். பத்தாவதோடு நின்றவனுக்கு இதுதான் மேற்படிப்பு.

அக்கா வீசிய கடைசிக் குண்டு மரக்குண்டுக்கு இடப்பக்கமாகப் போய் நின்றது. சாரின் குண்டு மரக்குண்டுக்கு நேர் முன்னால் கிடந்தது. அளக்க நாடா வருவதற்குள், ஜெயித்தது தான்தான் என்று சார் குனிந்து குண்டுகளைப் பொறுக்கிவிட்டார்.

அக்கா கத்தவில்லை. வீசுவதற்குப் போட்ட வட்டத்துக்குள்ளேயே நின்றாள். "அளக்காம இங்கேர்ந்து நகர மாட்டேன் சார்."

எதை அளப்பது? அந்த நேரம் பார்த்துக் கிளை முறிந்து நான் விழுந்தேன். போனின் திரை நொறுங்கிப்போனது.

"மேலேர்ந்து படம் புடிச்சியாடா?" என்றாள் அக்கா. அடிபட்டதா என்று கேட்டது அதற்கப்புறம்தான்.

போனிலிருந்த மெமரி கார்டைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் எதிரிலிருந்த என் உசேன் மாமாவின் டீக்கடைக்குப் போனோம். மாமாவின் டிவி பாதிச் சுவரை அடைக்கும். அதன் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் அவருக்கு ஆகாது. இவ்வளவு பெரிய டிவி வாங்கிவிட்டு ஓரத்தைச் சும்மா போடுவானேன் என்பார். எந்தப் படமானாலும் அகலமாக இழுத்துத்தான் வைத்திருப்பார். பழைய பட நாயகிகள் எல்லோரும் அவர் கடைக்கு வந்ததும் இரண்டு சுற்று பெருத்துவிடுவார்கள். என் ஓட்டை போனில் எடுப்பதோ கிட்டத்தட்டச் சதுரமான படம்.

கார்டை டிவியில் செருகி ஓட்டி, சார் குனிவதற்கு முந்தைய நொடியில் வீடியோவை நிறுத்தினோம். சாரே திரைமேல் நாடா வைத்து அளந்தார். அக்காவின் குண்டுதான் தள்ளிக் கிடந்தது.

"பாத்துக்கினியாம்மா? போய்ப் பெட்டியைப் பாரு, கரி அணையுது" என்றார்.

அக்கா திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றிருந்தாள். "பாய், குண்டு ஏன் முட்டையாட்டம் கெடக்குது?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். இரண்டு குண்டுகளும் படுக்கைவாட்டில் நீண்டு கிடந்தன. பெரிய டிவி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் மாமா.

"முட்டை போட நான் இன்னா கோழியா? அது உருண்டையாவுற வரைக்கும் நான் எங்கயும் போறதில்ல."

எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் நின்றபடி என் போனாலேயே மாமாவின் டிவியில் சேனலை மாற்றி அவரைப் பேயோட்டக் கிளப்பியவன் நான். ரிமோட்டை நான் தொட்டால் அக்காவின் நியாயமும் என் சேட்டைக் கணக்கில் சேர்ந்துவிடும். கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வழி மட்டும் சொன்னேன்: செட்டிங்ஸ், படம், படத்தின் அளவு. அழுத்தியது அக்கா.

முதலில் ஜூம் வந்தது. குண்டு உருண்டையானது. ஆனால் படத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, சாரின் குண்டு திரையை விட்டே போய்விட்டது.

"இப்படியே வுட்டுடுக்கா" என்று காதைக் கடித்தேன்.

"அவரு குண்டு இல்லாம எதைடா அளக்கிறது?" என்று அடுத்ததை அழுத்தினாள்.

நாலுக்கு மூணு, என் போன் எடுக்கும் அதே அளவு. இரண்டு ஓரத்திலும் கறுப்பு விழுந்தது. மாமா யாரோ கிள்ளியது போல முனகினார். நடுவில் குண்டுகள் இரண்டும் உருண்டையாகக் கிடந்தன. சாரின் வழுக்கையும் உருண்டையாகத்தான் இருந்தது.

நாடாவை அக்கா தொடவில்லை. சாரிடமே கொடுத்தாள். முதலில் குண்டின் அகலத்தையும் உயரத்தையும் அளக்கச் சொன்னாள். இரண்டும் ஒன்று. பிறகு மரக்குண்டிலிருந்து தூரத்தை அளக்கச் சொன்னாள். அக்காவின் குண்டு ஒரு நகக்கண் அளவுக்குக் கிட்டத்தில் இருந்தது. சார் நாடாவைத் திருப்பிப் போட்டும் அளந்தார். நகக்கண் அப்படியே இருந்தது.

"இன்னொரு ஆட்டம் ஆடிப் பாத்துடலாமா?" என்றார் மெதுவாக.

"ஆடலாம் சார். காரைக்கால் போயிட்டு வந்துடறேன்."

மாமா ரிமோட்டைப் பிடுங்கித் திரையை மறுபடி இழுத்துவிட்டார். அக்கா வண்டிக்குப் போய்க் கரியை ஊதினாள். முதலில் எடுத்தது புருஷோத்தமன் சாரின் வெள்ளைச் சட்டை. காலரில் ஒரு சுருக்கம்கூட விடாமல் தேய்த்து மடித்தாள். சாரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை.