பேச ஏலாதவருக்கு ஒரு கதிரை

மங்களக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கைதான் ஃபோன் எடுத்தார். "தம்பி, அக்கா போயிட்டா." அவ்வளவுதான் சொன்னார். ஆணி தராசிலேயே கிடக்க, கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். எதிர்பார்த்த செய்திதான். வாதம் அடித்து இரண்டு கிழமையாக அவருக்கு வலது கையும் வாயும் விழுந்திருந்தன. திருகோணமலை முழுவதையும் பேசியே உலுக்கிய மனுசி, ஒரு சொல் வராமல் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டென்றால் ஓம், இரண்டு தட்டென்றால் இல்லை. போய்ப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும்.

பேப்பரில் அறிவித்தல் போட்டிருந்தார்கள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், அமைதியானவராம், எல்லோரையும் மன்னிக்கும் உள்ளமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமைதியோ? மங்களக்காவோ? அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள். முத்திரை வாங்க வந்தவன் வரிசையைக் குழப்பினால் கந்தோர் கூரை பறக்கக் கத்துகிறவர் அவர். செத்த உடனே ஒரு மனுசியை வெள்ளையடித்து வைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் என் கடை பூட்டு. அதனால் அன்றைக்கு மேல்மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். சிமெந்து மூட்டைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு, ஒருவர் கதை வாசிக்க மற்றவர்கள் சண்டை பிடிப்போம். ஒருமுறை பழைய வெளிநாட்டுத் திகில் கதை ஒன்றை வாசித்தோம். தன்னை அவமானப்படுத்திய ஒருவனை நண்பன்போலச் சிரித்துப் பேசிக் கூட்டிப்போய், உயிரோடு வைத்துச் சுவர் கட்டி மூடிவிடுகிறான் ஒருவன். பல வருடங்களுக்குப் பிறகு அதை அவனே பெருமையாகச் சொல்கிறான். "பழி வாங்கினால் இப்படி வாங்கவேணும், என்ன திட்டம்!" என்று நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். நானும்தான்.

மங்களக்கா விசுக்கென்று எழும்பினார். "என்ன அவமானம் எண்டு எங்கயாவது சொன்னவனோ?" என்று கேட்டார். கதையைப் புரட்டிப் பார்த்தோம். சொல்லவே இல்லை. "மற்றவன் குடிகாரன் எண்டுறான், முட்டாள் எண்டுறான். ஆர் கண்டது? சுவருக்கு இங்கால நிண்டவன் சொல்லுறதுதானே முழுக்கதையும். அங்கால நிண்டவன்ர வாய்க்குள்ள சாந்தை அப்பிப் போட்டுச் சொல்லுறான், நீங்கள் கை தட்டுறியள்!" பிறகு ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்து நடுவில் போட்டார். "இது அவன்ர கதிரை. ஆராவது இதில இருந்து அவனுக்காகக் கதையுங்கோ." அன்றிலிருந்து எந்தக் கதையை வாசித்தாலும், அதில் பேச முடியாமல் போனவருக்கு அந்தக் கதிரையைப் போடுவது எங்கள் வழக்கமாயிற்று.

அக்காவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய கணவர் சிவராசா, மூதூருக்குக் கடலில் ஆள் ஏற்றிப்போகும் இராசேந்திரம் முதலாளியின் லாஞ்சியை ஓட்டியவர். டீசல் களவெடுத்தார் என்று முதலாளி அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார். கள்ளன் என்ற பெயரோடு வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. அந்தப் பெயரோடேயே நெஞ்சு வலித்துச் செத்தார். முதலாளிக்கு அதன் பிறகு எந்தச் சபையிலும் இதுதான் கதை. "சனத்துக்கு முன்னால என்னை அவமானப்படுத்திப் போட்டான். நான் ஒண்டும் கதைக்கேல்ல. சிரிச்சன். சிரிச்சுச் சிரிச்சே ஆளை முடிச்சன். கடைசியில என்ர காலில விழுந்து அழுதவன்." களவு போனது ஒரு கலியாண வீட்டில் டீசல் என்பார், அடுத்த கலியாண வீட்டில் நங்கூரம் என்பார். "விட்டா என்ர மனிசன் லாஞ்சியையே மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வச்சிட்டார் எண்டு சொல்லுவார்" என்று அக்கா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் முதலாளி அந்தக் கதையை எடுத்த உடனே சபையை விட்டு எழும்பிப் போய்விடுவார்.

சுவர்க் கதை வாசித்த பிறகு அக்கா எழும்பிப் போகவில்லை. அடுத்து வந்த ஒரு கலியாணத்தில் முதலாளி தொடங்கினார். அக்கா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துக்கொண்டுபோய் அவருக்கு எதிரில் போட்டார். "முதலாளி, இதில என்ர மனிசன் இருக்கிறார். அண்டைக்கு அவர் உங்களுக்குச் செய்த அவமானம் என்ன? அதை மட்டும் சொல்லுங்கோ." முதலாளி, "அது பழங்கதை, இப்ப என்னத்துக்கு" என்று இழுத்தார். அப்போது லாஞ்சியில் கயிறு பிடித்த ரகீம் நானா வந்து அந்தக் கதிரையில் இருந்தார். கடல் கொந்தளித்த ஒரு நாள், பெண்களும் பிள்ளைகளுமாக அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிவிட்டு ஓட்டச் சொன்னாராம் முதலாளி. சிவராசா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "முதலில உங்கட பிள்ளையளை ஏத்துங்கோ முதலாளி, அப்ப ஓட்டுறன்" என்றாராம். அதுதான் அந்த அவமானம். அதற்குப் பழியாகக் கட்டியதுதான் களவுக் கதை. கலியாண வீட்டில் அந்த லாஞ்சியில் போய்வந்த மூதூர்ச் சனம் பாதி. அன்றோடு முதலாளி சபைகளில் அந்தக் கதையைச் சொல்வதை விட்டார்.

"அந்தாளை இன்னும் நல்லாப் பழிவாங்கலாமே அக்கா?" என்று நான் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "பழி வாங்கினவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க ஏலாது தம்பி. பிறகு நானும் வீடு வீடாய்க் கதை சொல்லித் திரியோணும். எனக்கு வேற வேலை இருக்கு."

அக்கா சாகும்வரை முதலாளி காத்திருந்திருக்கிறார். செத்தவீட்டில் இரங்கலுரைக்கு மைக் வைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டியோடு வந்து மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. "போன கிழமை தங்கச்சி மங்களம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டவ. என்ர கையைப் பிடிச்சு, 'என்ர மனிசன் செய்தது களவுதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ' எண்டு தன்ர வாயால சொல்லி அழுதவ. நானும் மன்னிச்சிட்டன்."

அடப் பாவி! பெட்டியில் கிடக்கிறவரின் கையாலேயே புருசனுக்குச் சுவர் கட்டுகிறான்! பந்தலில் கிடந்த ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது அக்கான்ர கதிரை. ஆராவது வாங்கோ" என்றேன். "செத்தவீட்டில என்ன கூத்து இது?" என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். உதறினேன்.

ரகீம் நானா எழுந்து வந்து இருந்தார். முதலாளி அவரிடமே மைக்கை நீட்டினார், "கேளுங்கோ, சொன்னவவோ இல்லையோ எண்டு." நானா மைக்கைத் தொடவில்லை. வலது கையை மடியில் தளர விட்டார். வாயைத் திறக்கவில்லை. இடது கையால் கதிரையின் கையில் தட்டினார்.

இரண்டு தட்டு.

முதலில் விம்மியது அக்காவின் தங்கை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒவ்வொருவராக முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத முதலாளிக்கு மட்டும் அது விளங்கவில்லை. "எந்த வாயால சொன்னவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலாளி செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

செத்தவீட்டில் ஒரு பெரிய மனிதரை வெட்கப்படுத்தியது பிழை என்று இன்னும் என்னிடம் வந்து சொல்கிறார்கள். சொல்லட்டும். நாளைக்கும் செய்வேன். அக்கா எல்லோரையும் மன்னித்தார் என்று இனி எவரும் எழுதவேண்டாம், மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல்லவேண்டாம். களவே நடக்காதபோது அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க?

மேல்மாடியில் அந்த நீலக் கதிரை இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இந்த அஞ்சலியையும் நான் ஒருவன்தான் சொல்கிறேன், அதிலும் அவருக்காகக் கோபப்பட்டுக்கொண்டு சொல்கிறேன். அக்கா இருந்தால், "சரி தம்பி, முதலாளிக்கும் ஒரு கதிரை போடு" என்றுதான் சொல்லியிருப்பார். போட்டிருக்கிறேன். எந்தப் போயாவுக்கும் முதலாளி படியேறி வந்து, அதில் இருந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். நீலக் கதிரை மட்டும் அவருக்கு நேர் எதிரே இருக்கும்.