டைல்ஸ் தொடங்கும் இடம்

கணவர் இறந்த பிறகு எனக்கு வேண்டியிருந்த வீட்டுக்கு இரண்டே நிபந்தனைகள். நாயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரண்ட், கேஸ், தண்ணீர் எல்லாம் வாடகைக்குள்ளேயே அடங்க வேண்டும். பிஸ்கட்டவே என்கிற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த டவுன்ஹவுஸை விற்கப்போவதாக உரிமையாளர் ஃபோனில் சொன்னார். எனக்குப் பயமோ வருத்தமோ வரவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாடகைக்குள் அடங்க வேண்டும் என்றது சிக்கனத்துக்காக இல்லை. பழைய வீட்டில் எல்லாமே கணவர் பெயரில் இருந்தன. கரண்ட் கம்பெனிப் பெண் அவரிடம்தான் பேச வேண்டும் என்றாள். இறந்துவிட்டார் என்றேன். ஸாரி சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே அவருடைய பிறந்த தேதியைக் கேட்டாள். கேஸ்காரனும் அதையே கேட்டான். இனி எந்தக் கம்பெனியோடும் எனக்குப் பேச்சு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

நாய் அவருடையது. அநாதை நாய்களை வைத்திருக்கும் ஷெல்டரிலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். நான் அதைத் தொட்டதுகூடக் கிடையாது. என் சட்டம் ஒன்றுதான்: சமையலறைக்குள் அது கால் வைக்கக் கூடாது, சாமி அலமாரி அங்கே இருக்கிறது. கார்பெட் முடிந்து டைல்ஸ் தொடங்கும் இடத்தில் அதை உட்காரப் பழக்கினார்.

"கோட்டத் தாண்டாதடா. தாண்டினா உனக்கும் சோறு கிடையாது, எனக்கும் கிடையாது," என்பார்.

அந்தச் சட்டத்தில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

டெக்ஸஸிலிருந்து மகள் பேசினாள். "அம்மா, யூ டோன்ட் ஈவன் லைக் ஹிம். யாருக்காவது குடுத்துடலாம்."

"நீ சொல்றது சரிதாம்மா," என்றேன். ஆனால் கொடுக்கவில்லை. அவர் வருவார் என்று வாசலைப் பார்க்க வீட்டில் அது ஒன்றாவது இருந்தது. நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வீடு தேடி அலுத்துப்போனது. பெட் ஃப்ரெண்ட்லி என்று போட்டிருப்பார்கள். போய்க் கேட்டால், கைப்பைக்குள் அடங்குகிற நாய்க்குத்தான் அந்த சிநேகம் எல்லாம். எங்களுடையது கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். கடைசியில் ஜெர்சி சிட்டியில் ஸ்டூடியோ என்கிற ஒற்றை அறை வீடு ஒன்று அமைந்தது. பில் எல்லாம் வாடகைக்குள்ளேயே. ஆனால் நாயை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். பெண் பார்ப்பது போல நாய் பார்ப்பதும் இந்த ஊரில் உண்டு. இதுவும் தட்டிப்போனால் நாயைக் கொடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்தே கூட்டிப் போனேன்.

மேனேஜர் அம்மாள் காலி வீட்டைத் திறந்துவிட்டு, சங்கிலியைக் கழற்றச் சொன்னாள். நாய் சுவரோரமாக மோப்பம் பிடித்துக்கொண்டே போனது. டைல்ஸ் தொடங்கும் இடம் வந்ததும் நின்றது. உட்கார்ந்தது.

"வாவ்! யார் ட்ரெயின் பண்ணது?" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மை ஹஸ்பண்ட்."

"ரொம்ப நல்லா பழக்கியிருக்கார்னு நான் சொன்னதா அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் அவள் பாஷையில்.

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது. வீடு கிடைத்துவிட்டது.

குடிபோன அன்று சாயங்காலம் தயிர்சாதம் பிசைந்தேன். ஸ்டூடியோவில் சமையலறை என்று தனியாக ஒன்றும் இல்லை. அதே அறையில் ஓர் ஓரமாக நாலு வரிசை டைல்ஸ், அவ்வளவுதான். நாய் அதன் விளிம்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பரவால்ல, உள்ள வாடா," என்றேன்.

வரவில்லை. திரும்பி வாசல் கதவைப் பார்த்தது. தாண்டாதே என்று சொன்னவர் வந்து, தாண்டலாம் என்று சொல்ல வேண்டும் அதற்கு. அவர் வரமாட்டார் என்று கம்பெனிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதனிடம்தான் சொல்லவில்லை.

அழுகை அப்போதுதான் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு கார்பெட்டுக்குப் போய், அதன் முதுகில் கை வைத்து உட்கார்ந்தேன்.