பன்னிரண்டு பேட்டரியும் ஒரு மூடியும்

"பேட்டரிக்காகவோ, பேட்டரியைச் சேர்ந்த எந்தச் சாமானுக்காகவோ இனிமே நான் ஒருத்தன்கிட்ட கை நீட்டினா, இந்தக் கையை வெட்டிப் போட்டுடுங்க!"

மூன்று வருடங்களுக்கு முன், மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பதினோரு பேர் முன்னிலையில் நம்மவர் இப்படி முழங்கினார். அந்தக் கையில் அப்போது குழம்புக் கரண்டி இருந்ததால், பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஒதுக்கிக்கொண்டார்கள் என்பது நேரில் கண்டவர்கள் சொன்னது.

காரணம் பெரிதல்ல. அவரும் போட்டோக்காரர், அவர் மனைவியின் தம்பியும் போட்டோக்காரன். அன்று காலை ஒரு விழாவில் இவருடைய கேமரா பாதியில் அணைந்துபோக, மைத்துனன் ஒரு பேட்டரி கொடுத்து உதவினான். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பிடும்போது, "அத்தானுக்கு இன்னிக்கு நான்தான் ஆக்ஸிஜன் வெச்சேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

அன்றிலிருந்து நம்மவர் பேட்டரி சேர்க்கத் தொடங்கினார். பழைய கேமரா ஒட்டகம் மாதிரி, ஒருமுறை குடித்தால் இரண்டு கல்யாணம் தாங்கும். இப்போதைய மிர்ரர்லெஸ் கேமராவோ, கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குள்ளேயே ஒரு குட்டித் திரையை எரிய விட்டுக்கொண்டிருக்கும் ரகம். சும்மா பார்த்தாலே அதற்குப் பசிக்கும். எனவே ஒன்று நான்காகி, நான்கு பன்னிரண்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, எது எப்போது சார்ஜ் ஏறியது என்று நோட்டில் குறித்துவைத்தார்.

"நமக்குப் பொறந்தது ஒண்ணுதான். அது சாப்பிட்டுச்சான்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"அது வாயைத் திறந்து கேக்கும். ஏழாம் நம்பர் கேக்காது."

பேட்டரியில் பிடித்த பழக்கம் மற்றதற்கும் பரவியது. ஸ்பேர் மூக்குக்கண்ணாடி, ஸ்பேர் சாவி, அந்த ஸ்பேர் சாவி தொலைந்தால் இன்னொரு சாவி. தெருவே அவரை ஸ்பேர்காரர் என்று அழைத்தது. அதைப் பட்டம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் பேட்டரி கிரிப் வாங்கும் ஆசை வந்தது. கேமராவின் அடியில் திருகிக்கொண்டால் ஒரே நேரத்தில் இரண்டு பேட்டரி ஓடும். உலக வரலாற்றில் பெண் பார்ப்பதற்குக்கூட யாரும் நான்கு மாதம் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இவர் எடுத்துக்கொண்டார். கிரிப்பின் எடையைக் கை தாங்குமா என்று பார்க்க, இரண்டு துணி சோப்புக் கட்டிகளைக் கேமராவின் அடியில் டேப் போட்டு ஒட்டி, இருபது நாள் வீட்டுக்குள் நடந்தார்.

"துவைக்கிற சோப்பு எங்கேங்க?"

"ஆராய்ச்சியில இருக்கு."

ஆராய்ச்சி வெற்றி பெற்றது. கிரிப் வந்தது. அதை மாட்ட, கேமராவின் அடியில் உள்ள விரல் நீள பேட்டரி மூடியைக் கழற்றிவிட்டு, கிரிப்பின் தண்டை அந்தப் பொந்துக்குள் நுழைக்க வேண்டும். கழற்றிய மூடியைச் சொருகிவைக்க அந்தத் தண்டிலேயே ஒரு பள்ளம் உண்டு. செய்தவன் யோசித்துத்தான் செய்திருந்தான். நம்மவர் அவனை நம்பவில்லை.

"இதுல வெச்சா ஆடி விழுந்துடும். நான் தனியா பத்திரமா வெச்சிருக்கேன்."

"பத்திரமாவா?" என்றார் மனைவி. "அப்ப அது போயிடுச்சு."

இந்தச் சமயத்தில்தான் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அவ்வளவுதான் கல்யாணம். படம் யார் எடுப்பது? மாமியார் மகனைச் சொன்னார். மனைவி விடவில்லை. "மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது அவன் எதுக்கும்மா? ஒரு படம் தவறினாலும் என்னைக் கேளு" என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார். தம்பியிடமும், "நீ அன்னிக்கு வெறும் அண்ணனா மட்டும் வாடா" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று பதினொன்றரைக்கு மணமகன் கையெழுத்துப் போட்டான். படம் விழுந்தது. மணமகள் பேனாவைத் திறந்தாள். கேமரா கண்ணை மூடியது.

நம்மவர் பதறவில்லை. பேட்டரிகளை மாற்றினார். இரண்டு இரண்டாகப் பன்னிரண்டையும் மாற்றிப் பார்த்தார். எல்லாம் நிறைகுடங்கள். நான்கு மாதம் பார்த்துப் பார்த்து எடுத்த கிரிப்தான் உள்ளுக்குள் எங்கோ உயிரை விட்டிருந்தது.

"சார், ரெண்டு நிமிஷம் தர்றேன்" என்றார் பதிவு அதிகாரி. "வெளியே இன்னும் நாலு ஜோடி நிக்குது. காக்க வெச்சா மனசு மாறிடுவாங்க."

கிரிப்பைக் கழற்றி, ஒரு பேட்டரியை நேராகக் கேமராவுக்குள் போட்டார். மூடி இல்லாமல் அந்தக் கேமரா விழிக்காது. பத்திரமாக வைத்த மூடி எங்கே என்று அவருக்கே நினைவில்லை. தன் விசிட்டிங் கார்டை மடித்து அந்த இடத்தில் திணித்துப் பார்த்தார். கேமரா அதை மதிக்கவில்லை. இரண்டாவது கேமரா வீட்டில் இருந்தது. பேட்டரிகளுக்குப் பையில் இடம் வேண்டுமே என்று அவரேதான் அதை எடுத்து வெளியே வைத்திருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனாவது நெய்யைக் கேட்டான். இவரிடம் நெய்யும் நிறைய இருந்தது, சட்டிக்கு மூடிதான் இல்லை.

"போன்ல எடுத்துடலாமே" என்று யாரோ சொன்னார்கள்.

"ஏங்க," என்று மனைவி அவர் காதருகே வந்தார். "அம்மாகிட்ட நான் என்ன சொல்லிட்டு வந்திருக்கேன் தெரியும்ல?" குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

மைத்துனன் ஜன்னலோரம் நின்றிருந்தான். தோளில் பை. பைக்குள் அதே ரகக் கேமரா, கிரிப் இல்லாமல், மூடியோடு. அக்கா சொன்ன வார்த்தைக்காக அவன் ஜிப்பைத் தொடவே இல்லை. மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றுதான். திரும்பத் திரும்ப எண்ணினான்.

நம்மவர் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"மாப்ளே."

"சொல்லுங்க அத்தான். பேட்டரியா?"

"பேட்டரி பன்னிரண்டு இருக்கு. உன் கேமராவோட மூடி வேணும்."

"நானே எடுத்துடட்டுமா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வேணாம்பா. மூடி மட்டும் குடு."

மைத்துனன் ஒரு நொடி யோசித்தான். ஆக்ஸிஜன் என்ற சொல் அவன் வாய்வரை வந்திருக்க வேண்டும், விழுங்கிவிட்டான். பையைத் திறந்து, நகத்தால் நெம்பி, மூடியைக் கழற்றினான்.

"கையை நீட்டுங்க அத்தான். கீழே விழுந்தா தேட முடியாது."

மூன்று வருடங்களுக்கு முன் சாப்பாட்டு மேஜையில் அவர் சபதத்தைக் கேட்ட பதினோரு பேரில் ஒன்பது பேர் அந்த அறையில் இருந்தார்கள். மாமியார் முன்வரிசையில் இருந்தார்.

இருபது நாள் சோப்புக் கட்டியைச் சுமந்து பழகிய கை. கொஞ்சமும் நடுங்காமல் நீண்டது.