கூடத்தில் கிடந்த பொரி

ஒரு சுடுகாட்டுப் பாதையை அழித்தவன் நான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் எங்கள் நகருக்கு மனை பிரித்தபோது வரைபடம் போட்டது என் கை. பழைய புலப்படத்தில் புள்ளிக்கோடாக இருந்த அந்தப் பாதையைப் புதுப்படத்தில் வரையாமல் விட்டேன். பூங்கா, தண்ணீர்த் தொட்டி, முப்பதடித் தெரு எல்லாம் இருந்தன. ஓடைக்கரைச் சுடுகாட்டுக்கு வழி மட்டும் இல்லை. பாதையின் கடைசித் துண்டு எனக்கு மனையாகக் கிடைத்தது.

அந்த மனையில் கல் நட்ட அன்று பக்கத்து ஊர் ஏழுமலை வந்தார். "பாடைய எறக்கி, தலமாடு கால்மாடு மாத்தித் தூக்குற எடம் சார் இது. நாளைக்கு நான் செத்தா எந்த வழியா தூக்கிக்கினு போவாங்க?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு, ஏழுமலை" என்று சிரித்தேன். அங்கேயே வீடு கட்டினேன். அதன்பின் அவர் ஊர்க்காரர்கள் பாடையோடு நெடுஞ்சாலையைச் சுற்றித்தான் போனார்கள்.

பேய், ஆவி என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிறவன் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. போன ஆண்டு ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும், கூடத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன், தூரத்தில் சாலையில் பறைச்சத்தம் போனது, தலை நிமிர்ந்தால் வாசற்படியிலிருந்து தோட்டத்துக் கதவு வரை பொரி. பாடைக்கு முன்னால் இறைப்பார்களே, அப்படி.

"சின்னப் புள்ளையா நீங்க? பொரியக் கொட்டிக்கினு பேப்பர் படிக்கிறீங்க!" மனைவி துடைப்பத்தை எடுத்தாள். வீட்டில் பொரியே வாங்கவில்லை என்பது பாதி கூட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று போனது ஏழுமலை.

கூடத்தை இடித்தேன். பக்கத்து இரண்டு அறைகளில் ஒடுங்கிக்கொண்டு, நடுவில் பத்தடி அகலத்தைப் பொதுவழியாக எழுதிக் கொடுத்தேன். ஏழுமலையின் மகனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"இப்பத்தான் சொர்க்க ரதம் வண்டி வந்துடுச்சே சார், ரோட்டு மேலயே ஜல்தியா போயிடறோம். எங்கப்பாதான் வண்டி வாணாம், தோள்லதான் போவணும்னு சொல்லிட்டாரு. சுத்தித் தூக்கிக்கினு போனோம். இனிமே நீங்க எதுக்கு வீட்ட இடிச்சிக்கினு பேஜாரு பண்ணிக்கிறீங்க?"

அந்தப் பாதையில் இதுவரை ஒரு பாடையும் போகவில்லை. ஆனால் அவர்கள் ஊரில் சாவு விழுந்து வண்டி சாலையில் போகிற நேரத்தில் இங்கே பொரி கிடக்கிறது. நான்தான் கூட்டுகிறேன். என் நாற்காலி இருந்த இடத்தில் மட்டும் கூட்ட வேண்டியதில்லை. அங்கே, பாடையை இறக்கி வைத்தாற்போல, ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு பொரிகூட விழுவதில்லை.